சிங்கிள் டிக்கில் நின்ற சாவுச் செய்தி

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் சார்ஜருக்கு அடியில் வைத்திருக்கிறேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் அடுத்த பொங்கலுக்குத்தான் உன் கையில் கிடைத்திருக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை நீ பயபக்தியோடு குனிகிற இடம் இந்த வீட்டில் அது ஒன்றுதான். பருப்புப் பொட்டலம் கட்டுகிற தாளில் எழுதியிருக்கிறானே என்று முகம் சுளிக்காதே, மளிகைக் கடைக்காரனுக்குக் கிடைத்தது அதுதான். போனில் வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பலாமே என்று உன் அம்மா யோசனை சொன்னாள். நான் பேசி அனுப்புவதை நீ ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதை ஒருநாள் மாடிப்படியில் நின்று கேட்டேன். பெற்ற அப்பன் தகரக் கூரையில் விழுந்த அணில் மாதிரிக் கீச்சிட்டுக்கொண்டிருந்தான். தாளில் எழுதினால் அந்த வித்தை செல்லாது, என் வேகத்தில்தான் நீ வந்தாக வேண்டும்.

நாம் பேசி ஒரு மாதம் ஆகிறது. பேசவில்லையே தவிரத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நான் கல்லாவில் உட்கார்ந்து, மாடியில் உனக்குக் கேட்கும்படி, வருகிற போகிற ஆட்களிடம் உன்னைத் திட்டுகிறேன். நீ குளியலறைக் கதவை அறைந்து சாத்திப் பதில் சொல்கிறாய். சனிக்கிழமை கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏறுகிறாய், எஞ்சின் ரூமில் எட்டு மாதம். "பிள்ளை கப்பலுக்குப் போவப்போறான், நீங்க என்னன்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அலையுதீய" என்று உன் அம்மா தினமும் என்னை அரைக்கிறாள். அவள் சொன்னதற்காக நான் எழுதவில்லை. உன்னிடம் சொல்லாமல் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தைரியம் வராது.

நெட்டில் போகிற அந்தப் பச்சை ஆப்பை எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது. விடிந்தால் ஒரு ரோஜாப்பூ. அதன் மேல் பனித்துளி. அதன் மேல் காலை வணக்கம். இதை அனுப்புகிற ஆள் யாரென்றால் எதிர்ச் சாரியில் இரும்புக்கடை வைத்திருப்பவன். நேரில் பார்த்தால் இருபது வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன், போனில் மட்டும் எனக்குத் தினமும் ரோஜா கொடுக்கிறான். அப்புறம் குரூப். நம் சொந்தக்காரர்கள் குரூப் ஒன்று, கடைக்காரர்கள் குரூப் ஒன்று, நீ படித்த பள்ளியின் பெற்றோர் குரூப் ஒன்று. நீ படித்து முடித்து ஏழு வருஷம் ஆகிறது, அந்தப் பெற்றோர்கள் இன்னும் கலையவில்லை. நீல டிக் விழுந்தும் பதில் போடாவிட்டால் சண்டை, பதில் போட்டுவிட்டு அழித்தால் அதைவிடப் பெரிய சண்டை, கடைசியாக எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தாய் என்று மாமியார் மருமகளைக் கேட்கிற சண்டை. இதற்கெல்லாம் மாதாமாதம் நாமே ரீசார்ஜ் செய்துகொள்கிறோம்.

இதில் நான் யோக்கியன் என்று சொல்ல மாட்டேன். உன் மாமா தலைக்கு மை அடித்துக்கொண்டு, அது நெற்றியில் இறங்கி, போன கோடையில் ஒரு கல்யாணத்துக்குக் கறுப்பு விபூதி பூசியவர் மாதிரி வந்து நின்றாரே, அதைப் பற்றி உன் சித்தப்பாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசினேன். நன்றாகவே பேசினேன், அவர் நடக்கிற சத்தம், செருமுகிற சத்தம் எல்லாம் வைத்து. அது அவனுக்குப் போகவில்லை, நாற்பத்து மூன்று பேர் இருக்கிற குடும்ப குரூப்புக்குப் போனது. உடனே அழிக்கப் பார்த்தேன். எல்லோருக்கும் அழிக்கவா, எனக்கு மட்டும் அழிக்கவா என்று அது கேட்டது. பதற்றத்தில் எனக்கு மட்டும் என்று அமுக்கிவிட்டேன். என் போனில் மறைந்துவிட்டது, நானும் நிம்மதியாகக் காபி குடித்தேன். உலகத்திலேயே அதைக் கேட்க முடியாத ஒரே ஆள் நான்தான் என்பது மாமா போன் செய்தபோதுதான் தெரிந்தது. நீ அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "நைனா, நீ எஸ்எம்எஸ்ஸோட நின்னுக்கோ. உனுக்கு அதான் சேஃப்டி" என்றாய். என் அப்பாவை நான் அப்பா என்றுதான் கூப்பிட்டேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவனுக்கு நைனா என்று கூப்பிடுகிற பிள்ளை, ராயபுரத்துத் தண்ணீர் செய்த வேலை.

நான் எஸ்எம்எஸ்ஸோடுதான் நின்றேன், பிடிவாதத்தால் மட்டும் அல்ல. மீன்பிடித் துறைமுகத்துக்குச் சாமான் கொடுக்கிறவனுக்கு அதன் அருமை தெரியும். பத்து நாள் கடலில் கிடந்துவிட்டுத் திரும்புகிற போட்டுக்கு, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்திலேயே டவர் லேசாகத் தொடும். அந்தத் தொடுகையில் போன் பேச முடியாது, நெட் வராது. எஸ்எம்எஸ் மட்டும் எப்படியோ நுழைந்து வந்துவிடும். "அரிசி ரெண்டு மூட்டை, புளி, கேஸ், வெத்தலை" என்று போட் டிரைவர்கள் அங்கிருந்தே அனுப்புவார்கள், கரையேறும்போது எல்லாம் கட்டித் தயாராக இருக்கும். நீ வந்து இதையெல்லாம் ஒரு குரூப்பாக மாற்றினாய். "எஸ்எம்எஸ்ஸு இன்னா நைனா, அது ஓடிபி வர்ற எடம்" என்றாய். லோன் வேண்டுமா, மனை வேண்டுமா, பரிசு விழுந்திருக்கிறது என்று வருகிற குப்பைக்கு நடுவே என் வெத்தலை ஆர்டர் கிடப்பது உண்மைதான். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எது உசத்தி என்று நாம் சாப்பாட்டு நேரமெல்லாம் கட்சி கட்டிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் ஏகாம்பரம் இறந்தார்.

ஏகாம்பரத்தை நீ உன் சிநேகிதன் தேசிங்குவின் அப்பாவாகத்தான் பார்த்திருப்பாய். எனக்கு அவர் காலை ஏழு மணி. பீடிக்கு நெருப்புக் கேட்டு வருவார், போகும்போது நான்கு வீட்டு வம்பை என்னிடம் இறக்கி வைத்துவிட்டுப் போவார். கடைத் தக்காளியை அழுத்திப் பார்த்து, "அண்ணாச்சி, இது உன்ன மாரியே ஆயிட்சே, வெளிய பளபள, உள்ள ஒண்ணியும் இல்ல" என்பார். அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை, அப்படியே சாய்ந்துவிட்டார். தேசிங்கு கடலில் இருந்தான், பிற்பகல்தான் போட் கரைக்கு வரும். ஃப்ரீசர் பெட்டி வந்தது, உடம்பை அதில் வைத்தோம். தேசிங்குவுக்கு எப்படிச் சொல்வது என்ற பேச்சு வந்தது.

கடலில் இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தி சொல்வதில்லை என்பது இந்தக் குப்பத்துப் பழக்கம். வயர்லெஸ்ஸில் சொன்னால் கடல் முழுக்கக் கேட்கும். அவனோ போட்டை ஓட்டுகிறவன், எட்டுப் பேர் உயிர் அவன் கையில். உடம்பு சரியில்லை, நேராக வீட்டுக்கு வா என்றுதான் சொல்வார்கள். கரையேறிய பிறகு நான்கு பேர் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்வார்கள். தேசிங்குவின் அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் எழுதத் தெரிந்த பெரிய மனுஷன் அல்லவா. "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. பயப்பட ஒன்றுமில்லை. கரையேறியதும் வீட்டுக்கு வா" என்று எஸ்எம்எஸ் அனுப்பினேன். பயப்பட ஒன்றுமில்லை என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே சேர்த்த கைச்சரக்கு.

அதே நேரத்தில் நீ வாசலில் உட்கார்ந்து போனில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்துகொண்டிருந்தாய். மேகம், புறா, இரண்டு மெழுகுவர்த்தி, நடுவில் ரேஷன் கார்டிலிருந்து வெட்டிய ஏகாம்பரம். செய்து முடித்து போட் குரூப்பில் போட்டாய். நான் எட்டிப் பார்த்தேன்.

"ஏலே, இதுல தேசிங்கு இருக்கான்லா?"

"கீறான் நைனா. ஆனா கடல்ல கீறான். பாரு, அவன் நம்பருக்கு எது வுட்டாலும் சிங்கிள் டிக்குதான். வூட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள தூக்கிடறேன்."

நீ தூக்கவில்லை. பந்தல்காரன் வந்தான், மேளம் வந்தது, நாற்காலி இறக்கினாய், மறந்துவிட்டாய். நானும்தான் மறந்தேன்.

இரண்டரை மணிக்கு போட் உள்ளே நுழைந்தபோது நீ, நான், அவன் சித்தப்பா மூவரும் படகுத்துறையில் நின்றோம். நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். சுக்கானில் வேறு ஆள். தேசிங்கு முன்னால் நின்றிருந்தான், கையில் போன். கயிறு கட்டுவதற்கு முன்பே குதித்து இறங்கினான். என்னைப் பார்க்கவில்லை. நேராக உன்னிடம் வந்து போனை உன் முகத்துக்கு நேராக நீட்டினான். அதில் உன் புறாவும் மெழுகுவர்த்தியும், அவற்றுக்குக் கீழே இருநூறு பேர் போட்ட கூப்பிய கைகளும். "டிசைன் நல்லாகீது மச்சி" என்றான். அவ்வளவுதான். சித்தப்பாவின் வண்டியில் ஏறிப் போய்விட்டான். நீ நின்ற நிலையை நான் பார்த்தேன். தோளில் கை வைத்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "நான் அனுப்பின மெசேஜு போய்ச் சேர்ந்திருக்கும்லா, அதோட விட்டிருந்தா ஒழுங்கா முடிஞ்சிருக்கும். உன் பச்சை ஆப்பு கெடுத்துச்சு" என்றேன். சாவு வீட்டுக்குப் போகிற வழியில் நான் கட்சி ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு மாதம் உன்னை நான் சும்மா விடவில்லை. இந்தக் கதையை எண்ணெய் வாங்க வந்தவர்களுக்கும் சொன்னேன், எண்ணெய் விற்க வந்தவர்களுக்கும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் என் எஸ்எம்எஸ் கொஞ்சம் பெரிதானது, உன் புறா கொஞ்சம் கறுத்தது. நீ தேசிங்குவுக்கு "சாரி மச்சி" என்று ஆப்பில் அனுப்பினாய், நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. "எஸ்எம்எஸ்ஸா வுட்டா படிப்பானா?" என்று அம்மாவிடம் கேட்டாய். அதை நான் உள்ளறையிலிருந்து கேட்டுவிட்டு, "இப்பத் தெரியுதா எது உசத்தின்னு" என்று கத்தினேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே பட்டம், ஒரே அடி. அவன் ஒரு வார்த்தை பேசாமல் நீ கப்பல் ஏற வேண்டியிருக்கிறதே என்று உனக்குள் ஓடுவது அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்தும் கத்தினேன்.

போன வியாழக்கிழமை நீ கப்பல் வேலைக்கான மெடிக்கல் செக்கப்புக்குப் போயிருந்தபோது தேசிங்கு கடைக்கு வந்தான். மொட்டைத் தலையில் முடி அரிசி அளவு முளைத்திருந்தது. வீட்டுச் சாமான் லிஸ்ட்டைக் கொடுத்தான். அவனை உட்காரவைத்து, டீ சொல்லி, எனக்கே உரிய பாணியில் ஆரம்பித்தேன். "எம்மவன் செஞ்ச காரியத்துக்கு நான் வெக்கப்படுதேன்டே தேசிங்கு. அந்தச் சனியன் புடிச்ச ஆப்பு..."

"அண்ணாச்சி, உன் புள்ளைய வுடு" என்றான். "நான் உங்கிட்டதான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இன்னாத்துக்கு அப்டி ஒரு மெசேஜ் வுட்ட?"

பழக்கம் அதுதானே என்று இழுத்தேன்.

"பழக்கம்லாம் எனுக்கும் தெரியும். எங்க பெரியப்பன் செத்தப்ப நானே அப்டி சொல்லிக்கீறேன். ஆனா நம்ம அண்ணாச்சி, படிச்ச மனுஷன், அவரே பயப்பட ஒண்ணுமில்லன்னு போட்டுக்கீறாரேன்னு நம்பிட்டேன். ஒண்ணரை மணி நேரம் அண்ணாச்சி. மெசேஜ் வந்ததுலேர்ந்து நெட்டு வர்ற வரிக்கும். பால்சுறா நாலு கீது, அத விக்காதடா, நைனாவுக்குப் புட்டு செஞ்சி தரணும், தெம்பா இருக்கும்னு தனியா எடுத்து வெச்சேன். மாத்திரை ஒயுங்கா போட்டியா இல்லியான்னு எப்டி திட்டறதுன்னு பேசிப் பாத்துக்கினே வந்தேன். பசங்கல்லாம் சிரிக்கிறானுங்கோ, நானும் சிரிக்கறேன். நைனாவுக்கு சரியாப் பூட்சுன்னா மொட்டை அடிக்கறேன்னு அம்மனுக்கு வேண்டிக்கினேன்." தலையைத் தடவிக்கொண்டான். "எப்டியும் மொட்டைதான் அட்ச்சேன்."

டீ வந்தது. அவன் குடித்தான். நான் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த போஸ்டர பாத்தப்ப உன் புள்ள மேல காண்டு ஆனேன், இல்லேன்னு சொல்லல. ஆனா அவன் பொய் சொல்லல அண்ணாச்சி. கலீஜா சொன்னான், ஆனா நெசத்த சொன்னான். நீ அயகா எய்தி பொய் சொன்ன. போட்டுல இருக்கற எட்டு பேரும் நான் சிரிச்சத பாத்துக்கீறானுங்கோ. எங்கப்பன் செத்து ஆறு மணி நேரம் ஆயிட்ச்சு, நான் சிரிச்சிக்கினு வந்துக்கீறேன். அதான் எனுக்குத் தாங்கல."

தம்பி, நான் எழுந்து தராசுப் பக்கம் போனேன். சாமானைக் கட்டிக் கொடுத்தேன், புளியை மறந்துவிட்டேன். அவன் போன பிறகு என் போனை எடுத்து நான் அனுப்பிய எஸ்எம்எஸ்ஸைப் படித்தேன். டிக் கிடையாது, நீலம் கிடையாது, அனுப்பியவனை எதுவும் கேள்வி கேட்காது. எனக்கு அது ஏன் பிடித்தது என்று அப்போதுதான் புரிந்தது. அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம். நம்பியவன் அதை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுகிறான் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு மாதமாக உன்னைத் திட்டியதெல்லாம் என் எஸ்எம்எஸ்ஸை யாரும் எடுத்துப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் போலிருக்கிறது.

நீ போகிற கப்பலில் வைஃபை உண்டு, நடுக்கடலில் எஸ்எம்எஸ் வராது என்று அம்மாவிடம் சொன்னாயாம். சரி, தோற்றுவிட்டேன், உன் ஆப்பே இருக்கட்டும். உன் அம்மாவின் போனில் ஒரு மெசேஜ் எழுதிச் சேமித்து வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் அவள் அதை உனக்கு அப்படியே அனுப்ப வேண்டும், ஆப்பிலும் எஸ்எம்எஸ்ஸிலும், எது முதலில் வருகிறதோ வரட்டும். "அப்பா இறந்துவிட்டார். உண்மைதான். முதலில் சாப்பிடு, பிறகு அழு." எழுதிக் காட்டியபோது உன் அம்மா கரண்டியை என் மேல் எறிந்தாள். குறி தப்பவில்லை. நீயும் அதே மாதிரி உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தால் படுத்திருக்கிறேன் என்று எழுது. சூப்பர், ஓகே, கட்டை விரல் என்று போட்டு எங்களைச் சிரிக்க வைக்காதே. எனக்குப் புறா போஸ்டர் எவனாவது செய்தால் ஃப்ரீசர் பெட்டியிலிருந்து எழுந்து வருவேன் என்று உன் சிநேகிதர்களிடம் சொல்லி வை.

இனி மறைத்ததைச் சொல்கிறேன். அன்றைக்குக் கடையை விட்டு இறங்கும்போது தேசிங்கு திரும்பி, "அவன் கப்பல் ஏர்றதுக்கு முன்ன ஒருவாட்டி வந்து பாக்கச் சொல்லு அண்ணாச்சி. மெசேஜ்லாம் வுட வாணாம். வரச் சொல்லு" என்றான். ஒரு வாரம் ஆகிறது. நான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ அவனைப் பார்ப்பாய், பார்த்தால் அவன் என் மெசேஜைப் பற்றிச் சொல்வான், ஜெயித்த கட்சி கையை விட்டுப் போகும். இவ்வளவு அற்பமான காரணம்தான். நீ ராத்திரி தூங்காமல் அந்த நீல டிக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய் என்று அம்மா சொன்னபோதுகூட வாயைத் திறக்கவில்லை. எந்த ஆப்பும் இப்படி ஒரு துரோகம் செய்யாது. டவர் கிடைத்த உடனே சேர்த்துவிடும்.

தேசிங்கு நாளைக் காலை கடலுக்குப் போகிறான். திரும்பி வருவதற்குள் நீ போயிருப்பாய். இன்றைக்கு மூன்று மணிக்கு அவன் போட்டுக்குச் சாமான் ஏற்ற நம் கடை வாசலிலிருந்து குட்டியானை வண்டி கிளம்புகிறது. டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள்தான் உட்கார முடியும், அதில் நீ உட்கார்ந்துகொள். நான் பின்னால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வருகிறேன், அவனிடம் எனக்கும் பேச வேண்டியது இருக்கிறது. படகுத்துறையில் இறங்கியதும் என்னை முதலில் பேச விடு. நான் வழக்கம்போல ஏதாவது கதை அளக்க ஆரம்பித்தால், அவன் முன்னாலேயே என் சட்டையைப் பிடித்து இழு.

உன் அப்பா